கால் சிரைக்கு லேசர்: ஒளியைப் பரப்பும் ஃபைபர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெரிகோஸ் வெய்ன் லேசர் சிகிச்சை என்றதும் பேச்சு பெரும்பாலும் லேசர் பெட்டியைச் சுற்றியே போகிறது. எத்தனை வாட், எந்த அலைநீளம், எந்தத் தலைமுறை மெஷின் என்றெல்லாம் கேட்கிறோம். காலுக்குள் போவது அந்தப் பெட்டி இல்லை. ஒரு மெல்லிய ஃபைபர்தான். அதன் முனையிலிருந்து ஒளி எந்தப் பக்கம், எவ்வளவு பரப்பில் வெளியே வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் வலி, ரத்தக்கட்டு, சிரை சரியாக மூடிக்கொள்வது எல்லாமே பெரிதும் மாறுகின்றன. அதனால் இங்கே ஃபைபருக்குத்தான் அதிக இடம்.

முதலில், இந்தச் சிகிச்சையில் என்னதான் நடக்கிறது?

காலில் ரத்தம் மேல்நோக்கி இதயத்துக்குப் போக வேண்டும். சிரைகளுக்குள் இருக்கும் சின்ன வால்வுகள் அதைக் கீழே திரும்ப விடாமல் தடுக்கின்றன. வால்வு பழுதானால் ரத்தம் கீழேயே தேங்கி, அழுத்தம் கூடி, தோலுக்கு அடியில் இருக்கும் கிளைகள் புடைத்துச் சுருண்டுகொள்கின்றன. கண்ணுக்குத் தெரிவது அந்தக் கிளைகள். பெரும்பாலானவர்களுக்கு மூல காரணம் இருப்பது அந்தக் கிளைகள் போய்ச் சேரும் தண்டுச் சிரையில். கணுக்காலின் உட்பக்கத்திலிருந்து தொடை இடுக்கு வரை ஓடும் பெரிய சஃபீனஸ் சிரை ஒன்று. கெண்டைக்காலின் பின்பக்கம் ஓடும் சிறிய சஃபீனஸ் சிரை இன்னொன்று.

அந்தத் தண்டுச் சிரைக்குள் ஃபைபரை நுழைத்து, உள்ளிருந்தே சுவரைச் சூடாக்கி, சுருங்கி மூடிக்கொள்ளும்படி செய்வதுதான் லேசர் சிகிச்சை. சுவரில் இருக்கும் கொலாஜன் சூட்டில் சுருங்கும், உட்படலம் அழியும், பிறகு மாதக்கணக்கில் அந்தச் சிரை நாராகி, உடலோடு கரைந்துபோகும். ரத்தம் ஆழமான சிரைகள் வழியாகப் போய்க்கொள்ளும். காலின் ரத்தத்தில் பெரும்பகுதி எப்போதும் அந்த வழியாகத்தான் போகிறது, அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

இது எவ்வளவு காலமாக நடக்கிறது?

ஸ்பெயினைச் சேர்ந்த டாக்டர் கார்லோஸ் போனே 1999-இல் இந்த முறையை முதலில் அறிவித்தார். அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் அனுமதிக்கும் எஃப்டிஏ 2002-இல் அனுமதி தந்தது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தண்டுச் சிரை பழுதானவர்களுக்கு வெப்பத்தால் மூடும் முறைகளை, அதாவது லேசரையும் ரேடியோ அலையையும், முதலில் பரிசீலிக்கச் சொன்னது. அது பொருந்தாவிட்டால் நுரை ஊசி (மருந்தை நுரையாக்கிச் சிரைக்குள் செலுத்தி மூடுவது), அதுவும் பொருந்தாவிட்டால்தான் அறுவை சிகிச்சை. முன்பு சிரையை உருவி எடுக்கும் அறுவைதான் முதல் வழியாக இருந்தது. பதினைந்து வருடத்துக்குள் வரிசை அப்படியே தலைகீழானது.

ஃபைபர் என்றால் எப்படி இருக்கும்?

தூய சிலிக்கா கண்ணாடியால் ஆன இழை. சாதாரணமாக உள்மையம் 400 அல்லது 600 மைக்ரான் தடிமன், அதாவது அரை மில்லிமீட்டர் அளவு. அதைச் சுற்றி ஒளிவிலகல் சற்றுக் குறைந்த இன்னொரு கண்ணாடி அடுக்கு, அதன் மேல் பிளாஸ்டிக் உறை. இரண்டு கண்ணாடிகளும் சேரும் எல்லையில் ஒளி முழு எதிரொளிப்பு அடைந்து அடைந்து உள்மையத்துக்குள்ளேயே முன்னேறும். ஒரு நுனியில் லேசர் பெட்டியில் திருகும் கனெக்டர், இன்னொரு நுனி காலுக்குள். உறையின் மேல் சென்டிமீட்டர் கோடுகள் அச்சிட்டிருக்கும். அந்தக் கோடுகளின் அருமை சற்றுக் கீழே தெரியும்.

பழைய வெற்று முனை ஃபைபரில் என்ன குறை?

தொடக்க காலத்தில் ஃபைபரின் நுனியைத் தட்டையாக வெட்டி அப்படியே பயன்படுத்தினார்கள். ஒளி முழுவதும் அந்தச் சின்ன வட்டத்திலிருந்து நேராக முன்னே பாயும். 600 மைக்ரான் முனையின் பரப்பு வெறும் 0.0028 சதுர சென்டிமீட்டர். 10 வாட் அனுப்பினால், கணக்குப் போட்டுப் பாருங்கள், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 3,500 வாட் வருகிறது!

ஆனால் மூட வேண்டிய சுவர் முன்னே இல்லை, பக்கவாட்டில் இருக்கிறது. முனையில் படும் ரத்தம் உடனே கருகிக் கரியாக ஒட்டிக்கொள்ளும். அந்தக் கரி ஒளியை விழுங்கி 1,000 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சூடாகும். அப்புறம் வேலை செய்வது லேசர் ஒளியை விட, அந்தச் செந்தணல் முனைதான். சிரையின் நடுவில் ஃபைபர் அப்படியே மிதந்துகொண்டிருப்பதில்லை. ஏதோ ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். சாய்ந்த பக்கம் சுவர் ஓட்டையாகும், எதிர்ப்பக்கம் பாதி வெந்தும் வேகாமலும் நிற்கும். ஓட்டை வழியாகக் கசியும் ரத்தம்தான் தொடையில் நீல நீலமாகக் கன்றிப்போவதற்கும் அதன் பின்வரும் வலிக்கும் பெரிய காரணம்.

இத்தனைக்கும் வெற்று முனையிலும் சிரை மூடத்தான் செய்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தாலும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மூடியே இருந்தது. கேள்வி எவ்வளவு பக்குவமாக மூடுகிறது என்பதுதான்.

ஒளியைப் பரப்பும் ஃபைபர் இதை எப்படி மாற்றுகிறது?

டார்ச் லைட்டுக்கும் ட்யூப் லைட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான். டார்ச் ஒரே திசையில் அடிக்கும். ட்யூப் தன் நீளம் முழுக்கச் சுற்றிலும் ஒளிரும். பரப்பும் ஃபைபரில் கடைசி ஒன்றிரண்டு சென்டிமீட்டர், சிலவற்றில் அதற்கும் மேல், பக்கவாட்டில் 360 டிகிரியும் ஒளியைக் கசிய விடும்.

அதே கணக்கை இங்கே போடுவோம். 1 மில்லிமீட்டர் விட்டம், 3 சென்டிமீட்டர் நீளம் கொண்ட பரப்பும் பகுதி என்றால் வெளிப்பரப்பு 0.94 சதுர சென்டிமீட்டர். அதே 10 வாட், சதுர சென்டிமீட்டருக்கு 11 வாட் கூட வராது. வெற்று முனையோடு ஒப்பிட்டால் முந்நூறு மடங்குக்கும் மேல் குறைவு. கரி பிடிக்கும் அளவுக்கு ஓரிடத்தில் சூடு குவிவதில்லை, சுவர் ஓட்டையாகும் வாய்ப்பும் குறைகிறது.

ரேடியல் ஃபைபர் என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. அக்கா தங்கை என்று சொல்லலாம், ஒரே ஆள் இல்லை. ரேடியல் ஃபைபரில் நுனியைக் கூம்பாகச் செதுக்கியிருப்பார்கள். கண்ணாடியிலிருந்து காற்றுக்குப் போகும் ஒளி சுமார் 44 டிகிரிக்கு மேல் சாய்வாகப் பட்டால் வெளியேறாமல் எதிரொளிக்கும். கூம்பின் சரிவு அதற்கேற்ப அமைந்திருப்பதால், முன்னே வந்த ஒளி பக்கவாட்டில் திரும்பி ஒரு வளையமாக வெளியே வரும். கூம்பைச் சுற்றிக் காற்று இருந்தால்தான் இது நடக்கும் என்பதால், அதை ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள் வைத்து அடைத்திருப்பார்கள். குப்பியில் விரிசல் விழுந்து ரத்தமோ நீரோ உள்ளே புகுந்தால் எதிரொளிப்பு கெட்டு, ஒளி முன்னே கசியத் தொடங்கும்.

குப்பியின் விட்டம் 1.8 மில்லிமீட்டர், வளையத்தின் அகலம் 1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10 வாட்டில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 180 வாட். வெற்று முனைக்கும் நீளமான பரப்பும் முனைக்கும் நடுவில் நிற்கிறது. ஒரு வளையத்துக்குப் பதில் இரண்டு வளையம் உள்ள வகையும் உண்டு. ஒளியை இரண்டாகப் பிரித்து, செறிவை இன்னும் பாதியாக்குவதுதான் நோக்கம்.

இன்று சிரைச் சிகிச்சையில் அதிகம் புழங்குவது இந்த ரேடியல் வகைதான். நீளவாக்கில் பரப்பும் ஃபைபர் அந்த எண்ணத்தையே இன்னும் கொஞ்சம் தூரம் எடுத்துச் செல்கிறது.

முனையை மூடிய ஃபைபர்கள்?

வெற்று முனையின் மேல் உலோகம் அல்லது பீங்கான் உறை போட்டு, கண்ணாடி நேரடியாகச் சுவரில் படாமல் தடுப்பவை அவை. ஒளி இன்னமும் முன்னேதான் போகும். வெற்று முனையை விட நல்லது. பரப்பும் வகையோடு சேர்த்துப் பேசக் கூடாது.

ஒளியைப் பக்கவாட்டில் கசியவைப்பது எப்படி?

மூன்று வழிகள் பரவலாக உள்ளன. ஒன்று, நுனிப் பகுதியில் கண்ணாடிக்குப் பதிலாக, டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற நுண்துகள் கலந்த சிலிக்கோனை வைப்பது. துகள்களில் பட்டு ஒளி நாலாபக்கமும் சிதறும். வளைந்துகொடுக்கும், ஆனால் அதிக வெப்பம் தாங்காது. இரண்டாவது, வெளிக் கண்ணாடி அடுக்கை எடுத்துவிட்டு உள்மையத்தின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவது, அல்லது அதில் நுண்ணிய பள்ளங்கள் வெட்டுவது. ஒவ்வொரு பள்ளத்திலும் கொஞ்சம் ஒளி வெளியேறும். வெப்பத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் கீறிய கண்ணாடி எளிதில் உடையும், அதனால் மேலே ஒரு காப்புக்குழாய் வேண்டும். மூன்றாவது, கண்ணாடி இழையை இழுக்கும்போதே மையத்துக்குள் நானோ அளவு வெற்றிடங்களை உருவாக்குவது. கார்னிங் நிறுவனம் இப்படிப்பட்ட இழையை விளக்கு அலங்காரத்துக்காக விற்றிருக்கிறது. இழை முழுவதும் நியான் குழாய் போல ஒளிரும்.

மருத்துவத்துக்குப் பரப்பும் ஃபைபர் புதிதும் அல்ல. புற்றுநோய்க்கான ஒளி மருந்துச் சிகிச்சையில், உணவுக்குழாய்க்குள் 630 நானோமீட்டர் சிவப்பு ஒளியைப் பாய்ச்ச 1, 2.5, 5 சென்டிமீட்டர் நீளங்களில் இதே வகை முனைகள் பல வருடங்களாக உள்ளன. கல்லீரல், மூளைக் கட்டிகளை உள்ளிருந்து சூடாக்கும் லேசர் முறையிலும் உண்டு. சிரை மருத்துவம் அங்கிருந்து கடன் வாங்கியது என்றே சொல்லலாம்.

நீளம் முழுக்க ஒரே அளவு ஒளி வருமா?

நல்ல கேள்வி, இந்த ஃபைபரைச் செய்பவர்களின் பெரிய தலைவலியே இதுதான். சிதறடிக்கும் பொருளை எல்லா இடத்திலும் ஒரே அளவில் போட்டால் ஒளி சமமாக வராது. முதல் சென்டிமீட்டரில் பாதி ஒளி வெளியேறினால் மிச்சம் பாதி; அடுத்ததில் அதில் பாதி, அதாவது கால்; அதற்கடுத்ததில் அரைக்கால். ஆரம்பத்தில் பிரகாசம், நுனியில் மங்கல்.

சமமாக வர வேண்டுமென்றால் நுனியை நோக்கிப் போகப் போகச் சிதறலைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். 3 சென்டிமீட்டர் முனையில் முதல் சென்டிமீட்டர் மூன்றில் ஒரு பங்கை விட வேண்டும், இரண்டாவது மிஞ்சியதில் பாதியை, மூன்றாவது மிஞ்சியது முழுவதையும். பள்ளம் வெட்டும் முறையில் பள்ளங்களை நெருக்கிக்கொண்டே போவார்கள். துகள் முறையில் துகளின் அடர்த்தியைக் கூட்டுவார்கள், அல்லது நுனியில் எதிரொளிக்கும் ஒரு சின்ன ஆடியை வைத்து மிஞ்சிய ஒளியைத் திருப்பி அனுப்புவார்கள். அப்போது போகும்போது மங்கியது வரும்போது ஈடாகும்.

நுனியைத் தாண்டி முன்னே கசியும் ஒளியும் முக்கியம். பெரிய சஃபீனஸ் சிரை ஆழமான சிரையோடு சேரும் இடம் தொடை இடுக்கில் இருக்கிறது. அங்கே முன்னோக்கிப் பாயும் ஒளி, தொடக் கூடாத ஆழ்சிரையைச் சூடாக்கலாம்.

சமமாக ஒளிர்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும். சிகிச்சை அலைநீளம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் கூடவே ஒரு வலுக்குறைந்த சிவப்பு ஒளியை அனுப்புவார்கள். காலுக்குள் போகும் முன்பே விளக்கைக் குறைத்துவிட்டு, வெள்ளைத் துணிக்கு மேல் ஃபைபரைப் பிடித்துப் பார்த்தால் போதும். நல்ல பரப்பும் முனை, பழுக்கக் காய்ச்சிய கம்பி போல ஒரே சீரான சிவப்புக் கோடாகத் தெரியும். நடுவில் ஒரு கருப்புப் பட்டையோ, ஊசி முனை போல ஒரு கூர்மையான புள்ளியோ தெரிந்தால் உள்ளே உடைப்பு இருக்கிறது என்று அர்த்தம், அதை உடனே ஒதுக்கிவிட வேண்டும். பத்து விநாடி வேலை. இதைத் தவறாமல் செய்யும் குழுக்களைப் பார்க்கும்போது எனக்கு நம்பிக்கை வருகிறது.

காலுக்குள் போன பிறகும் மங்கிய அறையில் தோலின் வழியே அந்தச் சிவப்பு தெரியும். வெற்று முனை புள்ளியாகத் தெரியும், பரப்பும் முனை நீண்ட கீற்றாகத் தெரியும். ஆனால் இடத்தை உறுதிசெய்வது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான், தோலில் தெரியும் வெளிச்சம் இல்லை.

அலைநீளம் 1470 என்கிறார்கள். அதற்கும் ஃபைபருக்கும் என்ன உறவு?

810, 940, 980 நானோமீட்டர் ஒளியை ரத்தத்தின் ஹீமோகுளோபின் நன்றாக உறிஞ்சும். 1470-ஐத் தண்ணீர் உறிஞ்சும், அதுவும் 980-ஐ விடப் பல பத்து மடங்கு அதிகமாக. சிரைச் சுவரில் பெரும்பங்கு தண்ணீர்தான். அதனால் 1470 ஒளி அரை மில்லிமீட்டருக்குள்ளேயே சக்தியை இறக்கிவிட்டு நின்றுவிடும். 1940 இன்னும் மேலாக, இன்னும் குறைந்த ஆழத்தில் நிற்கும்.

பரப்பும் முனையோடு இது நன்றாகப் பொருந்துகிறது: ஒளி சுவரை நேராகத் தொடும், சுவரிலேயே நிற்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சுவருக்கும் ஃபைபருக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் ரத்தம் இருந்தாலே ஒளி அதிலேயே தீர்ந்துபோய், சுவர் வரை வராது. ஆகவே சிரை ஃபைபரை இறுகப் பிடித்துக்கொள்ளும்படி காலியாக இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 980 வெற்று முனையோடு 1470 ரேடியலை ஒப்பிட்ட ஆய்வுகளில் இரண்டாவது தரப்புக்கு வலியும் ரத்தக்கட்டும் குறைந்தன. அங்கே அலைநீளம், முனை இரண்டுமே ஒரே நேரத்தில் மாறியிருக்கின்றன. ஆகவே புகழ் முழுவதையும் 1470 என்ற எண்ணுக்குக் கொடுப்பது நியாயமில்லை. என் கணிப்பில் முனைக்குக் குறைந்தது சரிபாதிப் பங்காவது உண்டு.

சிரையை எப்படிக் காலியாக்குகிறார்கள்?

தலைப்பக்கம் தாழ்வாக இருக்கும்படி மேசையைச் சாய்ப்பார்கள், காலின் ரத்தம் வடியும். பிறகு ட்யூமசென்ட் திரவம்: உப்பு நீரில் மரத்துப்போகும் மருந்தையும் அட்ரினலினையும் நீர்த்துக் கலந்து, ஸ்கேனைப் பார்த்தபடியே சிரையைச் சுற்றி நீளமாக ஏற்றுவார்கள். ஸ்கேன் திரையில் சிரை ஒரு கருப்பு வளையத்தின் நடுவே சுருங்கி நிற்கும், ஃபைபர் அதற்குள் ஒரு வெள்ளைப் புள்ளி.

இந்தத் திரவம் ஒரே நேரத்தில் மூன்று வேலை செய்கிறது: வலியை மரக்கச் செய்கிறது, சிரையை ஃபைபர் மேல் அழுத்துகிறது, வெளியே கசியும் சூட்டை வாங்கிக்கொள்கிறது. பரப்பும் ஃபைபர் இருந்தால் இது கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று நினைப்பது தவறு, உண்மையில் நேர்மாறாகச் சொல்ல வேண்டும். திசுவில் சூடு பரவும் வேகம் அளந்து வைக்கப்பட்டது: 2 விநாடியில் சுமார் 1 மில்லிமீட்டர், 20 விநாடியில் சுமார் 3 மில்லிமீட்டர் தூரம். பரப்பும் முனை ஒவ்வோர் இடத்திலும் அதிக நேரம் நிற்பதால் சூடு வெளியே நடந்துபோக அதற்கு நேரம் கிடைக்கிறது. முழங்காலுக்குக் கீழே சஃபீனஸ் நரம்பும், கெண்டைக்காலின் பின்னே சூரல் நரம்பும் சிரையை ஒட்டியே ஓடுகின்றன. அங்கே திரவ மெத்தை நன்றாக இருக்கவேண்டும்.

அப்படியானால் பரப்பும் ஃபைபர் குறைந்த சக்தியில் வேலை செய்கிறது என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. விளம்பரத்தைப் படிக்கும்போது பலரும் இங்கேதான் வழி தவறுகிறார்கள். குறைவது செறிவு. சிரையின் ஒவ்வொரு சென்டிமீட்டரும் மூட, தேவையான மொத்தச் சக்தி ஏறக்குறைய அதேதான். பொதுவாக ஒரு சென்டிமீட்டருக்கு 50 முதல் 80 ஜூல் (ஒரு வாட் ஒரு விநாடி பாய்ந்தால் ஒரு ஜூல்) என்ற வரம்பில் வேலை செய்கிறார்கள். 10 வாட்டில் ஒரு சென்டிமீட்டரை 7 விநாடியில் கடந்தால் 70 ஜூல்.

செறிவை மிகவும் குறைத்தாலும் ஆபத்து. 10 வாட்டை 10 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பரப்பினால் சென்டிமீட்டருக்கு 1 வாட்தான். அந்தச் சூட்டைத் திரவமே வாங்கிக் குளிர்த்துவிடும். சுவர் வெதுவெதுப்பாகும், மூடாது. ஆறு மாதம் கழித்து ஸ்கேனில் ரத்தம் திரும்ப ஓடுவது தெரியும். ஆகவே முனை நீளமானால் வாட்டையும் கூட்ட வேண்டும். ரேடியோ அலை முறையில் 7 சென்டிமீட்டர் நீளமுள்ள சூடாக்கும் பகுதியை 120 டிகிரியில் 20 விநாடி வைத்திருப்பார்கள். நீளத்தை ஒரே நேரத்தில் சூடாக்குவது அங்கே சரியாக வேலை செய்கிறது, ஏனென்றால் வெப்பநிலையை அளந்து அளந்து மின்சக்தியை ஏற்றி இறக்கும் அமைப்பு அதில் உண்டு. சாதாரண லேசர் ஃபைபரில் அப்படி அளக்கும் கருவி இல்லை. ஃபைபர் வாட்டை அனுப்பும். மற்றது டாக்டரின் கணக்கு.

ஃபைபரை வெளியே இழுக்கும் விதமும் மாறுமா?

மாறும், கவனமாக இருக்க வேண்டிய இடமும் இதுதான். வெற்று முனையைத் தொடர்ந்து ஒரே வேகத்தில் இழுத்தால் எல்லா இடத்துக்கும் ஒரே அளவு சக்தி கிடைக்கும். 3 சென்டிமீட்டர் பரப்பும் முனையை அதே போல இழுத்துப் பாருங்கள். லேசரைப் போட்டவுடனே இழுக்கத் தொடங்கினால், முனையின் உச்சி இருந்த இடத்தைவிட்டு ஒளி உடனே நகர்ந்துவிடும்; அங்கே கிடைப்பது கிட்டத்தட்ட பூஜ்யம். ஒரு சென்டிமீட்டர் கீழே மூன்றில் ஒரு பங்கு, இரண்டு சென்டிமீட்டர் கீழே மூன்றில் இரண்டு. முழு அளவு மூன்றாவது சென்டிமீட்டரிலிருந்துதான். அதாவது தொடை இடுக்குக்கு அருகே, கசிவு தொடங்கும் அதே இடத்தில், சிரை குறைவாக வேகும்.

இதற்கு வழி, இழுக்காமல் நிறுத்தி நிறுத்திச் செய்வது. 10 வாட்டில் 21 விநாடி அசையாமல் வைத்தால் 210 ஜூல், அதாவது சென்டிமீட்டருக்கு 70. பிறகு லேசரை நிறுத்திவிட்டு சரியாக 3 சென்டிமீட்டர் இழுத்து மறுபடியும் 21 விநாடி. உறை மேல் அச்சிட்ட கோடுகள் இங்கேதான் கைகொடுக்கின்றன. 3-க்குப் பதில் 4 சென்டிமீட்டர் இழுத்தால் நடுவில் ஒரு சென்டிமீட்டர் வேகாமல் நிற்கும், 2 இழுத்தால் ஒரு சென்டிமீட்டர் இரண்டு முறை வேகும். இரண்டில் கொஞ்சம் மேலே மேலே படிவது பரவாயில்லை. இடைவெளி விடுவது கூடாது.

முடிவிலும் இதே கவனம் வேண்டும். ஃபைபர் நுழைந்த ஓட்டையை நெருங்கும்போது, பரப்பும் பகுதியின் கீழ் விளிம்பு தோலுக்கு அருகே வரும் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் தோல் வெந்துபோகும். அப்புறம், பரப்பும் பகுதி முழுவதும் பிளாஸ்டிக் வழிகாட்டிக் குழாயைவிட்டு வெளியே இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு பகுதி குழாய்க்குள் இருந்தால் குழாயே உருகும்.

வளைந்து நெளிந்த சிரைகளுக்குள் இது போகுமா?

தண்டுச் சிரை ஓரளவு நேராக இருப்பதால் போகும். தோலுக்கு மேலே புடைத்துத் தெரியும் சுருள்களுக்குள் எந்த ஃபைபரும் எளிதாகப் போகாது. அவற்றைச் சின்னத் துளைகள் வழியே கொக்கியால் எடுப்பார்கள், அல்லது நுரை ஊசி போடுவார்கள். "லேசர் செய்தும் மேலே இருக்கிற முடிச்சு போகவில்லையே" என்று கவலைப்படுபவர்கள் பலர். சிகிச்சையின் அந்தப் பாதி இன்னும் மீதி இருக்கிறது, அவ்வளவுதான். சிலருக்குத் தண்டு மூடியதும் கிளைகள் தாமாகவே வற்றிவிடும்.

ஒரு ஃபைபரை இரண்டு பேருக்குப் பயன்படுத்தலாமா?

ஒரு முறை மட்டும் பயன்படுத்தத்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. பரப்பும் முனையில் இது இன்னும் கண்டிப்பு: முதல் முறையில் ஒட்டிய ரத்தக்கரி இரண்டாம் முறை அந்த இடத்தில் ஒளியை விழுங்கி, பரப்பும் முனையையே சுடும் முனையாக்கிவிடும். நோய்த்தொற்று பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. பாக்கெட்டை என் முன்னால் பிரியுங்கள் என்று நோயாளி கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

உள்ளே உடைந்துபோனால்?

அரிது, ஆனால் நடந்திருக்கிறது. துண்டு உள்ளே தங்கி பின்னால் எடுக்கப்பட்டதும் உண்டு. ஃபைபரை வெளியே எடுத்ததும் முனை முழுதாக வந்திருக்கிறதா என்று பார்ப்பது அதனால்தான்.

யாருக்கு இது கூடாது?

ஆழமான சிரையில் புதிதாக ரத்தம் உறைந்திருப்பவர்கள், கர்ப்பிணிகள், கால் தமனி மோசமாக அடைபட்டவர்கள், எழுந்து நடக்கவே முடியாதவர்கள், குத்த வேண்டிய இடத்தில் சீழோ தொற்றோ இருப்பவர்கள் இவர்களுக்கு ஒத்திப்போடுவார்கள் அல்லது வேறு வழி பார்ப்பார்கள். கர்ப்பத்தில் தோன்றும் சிரைகள் பிரசவத்துக்குப் பிறகு ஓரளவு தானே குறைவதும் உண்டு. ஃபைபர் எந்த வகை என்பதால் இந்தப் பட்டியல் மாறாது.

முடிந்த பிறகு எப்படி இருக்கும்?

அன்றே எழுந்து நடக்கலாம்; நடக்கச் சொல்வார்கள். அழுத்தக் காலுறை சில நாட்கள் முதல் ஓரிரு வாரம் வரை. ஒரு வாரம் ஆனதும் தொடையின் உட்பக்கம் ஒரு கயிறு இழுத்துப் பிடித்தது போல் இருக்கும். மூடிய சிரை சுருங்குவதன் அடையாளம் அது, பயப்பட வேண்டாம். பரப்பும் முனையில் நீலக்கன்றலும் வலியும் பொதுவாகக் குறைவு. அந்த இழுப்பு மட்டும் எந்த முனையானாலும் வரும். தோல் ஓரிடத்தில் மரத்தது போல் இருந்தால் பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகும்.

ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி இறுகினால், மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் காத்திருக்கக் கூடாது. உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஆழ்சிரையில் ரத்தம் உறைவது நூற்றில் ஒருவருக்கும் குறைவாகத்தான் நடக்கிறது, ஆனால் நடந்தால் மணி நேரங்கள் முக்கியம். மூடிய சிரையின் மேல் முனையிலிருந்து உறைவு ஆழ்சிரைக்குள் நீண்டிருக்கிறதா என்று பார்க்கச் சில நாட்களில் திரும்ப டாப்ளர் ஸ்கேன், அதாவது ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட், எடுப்பார்கள். வலியே இல்லையென்றாலும் அதைத் தவறவிடாதீர்கள்.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

எந்த ஃபைபர் என்று கேளுங்கள்: வெற்று முனையா, மூடிய முனையா, ரேடியலா, நீளவாக்கில் பரப்புவதா? எத்தனை வாட், சென்டிமீட்டருக்கு எத்தனை ஜூல் கொடுப்பீர்கள் என்று கேளுங்கள். தெளிவாகச் சொல்பவர் அளந்து செய்பவர். அப்புறம், டாப்ளர் ஸ்கேனை உங்களை நிற்க வைத்து எடுத்தார்களா, சிகிச்சை நடக்கும்போது ஸ்கேனை யார் பிடிப்பார் என்றும் கேளுங்கள். பரப்பும் ஃபைபர் கையில் இருந்து ஸ்கேனில் பழக்கம் இல்லாதவரை விட, ரேடியலோ மூடிய முனையோ வைத்துக்கொண்டு தினமும் ஸ்கேனைப் பார்த்தே வேலை செய்பவரிடம் போவதைத்தான் நான் சொல்வேன். ஃபைபருக்காக மட்டும் டாக்டரை மாற்ற வேண்டியதில்லை.

சில வருடங்களுக்கு முன் வெற்று முனையில் செய்துகொண்டேன். புதிய ஃபைபரில் மறுபடி செய்ய வேண்டுமா?

ஸ்கேனில் சிரை மூடியிருந்தால் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. எந்த ஃபைபரால் மூடினாலும் மூடிய சிரை ஒன்றுதான். மறுபடி திறந்திருந்தாலோ, அல்லது பக்கத்தில் வேறொரு சிரை பழுதாகியிருந்தாலோ மட்டும் அந்த இடத்துக்குச் சிகிச்சை தேவைப்படலாம். முன்பு செய்த சிரைக்குள் தழும்பு இருப்பதால் ஃபைபர் நுழைவது சற்றுக் கடினமாகலாம்; அப்போது நுரை ஊசியே எளிய வழியாக இருக்கும். கால் மறுபடி கனக்கிறது, மாலையில் வீங்குகிறது என்றால் டாப்ளர் ஒன்று எடுத்துப் பாருங்கள்.